ஐம்பது அவுன்ஸ்

நார்ப் வெர்ஹாஃப் அந்த விஷயத்தை டெல்மர் கெர்டமனிடம் சொன்னது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்கு வெளியே கார்கள் நிற்கும் இடத்தில். ஐம்பது வருடச் சிநேகிதன், முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். தன் ஷூ நுனியைப் பார்த்துச் சொன்னான். மஸ்டாங்கில் இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எடுத்துவிட்டு ஐந்து கியர் போடப் போகிறானாம். கிளட்சை மிதித்துக் கையால் மாற்றி ஓட்டுகிற ஐந்து கியர். நாளைக்கே வேலை ஆரம்பமாம். செய்யப்போவது ரோண்டா ரெக்கராம்.

"நல்லதுடா," என்றான் டெல்மர். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு சொன்ன நல்லது அது.

நார்ப்புக்கு அது புரிந்திருக்கும். அதனால்தான் மேற்கொண்டு நாலு வார்த்தை அவசர அவசரமாகச் சொன்னான். அடுத்த வாரச் சனிக்கிழமை மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு டென்னசி மலைப்பக்கம் போகப் போகிறான். நானூறு மைல். நெடுஞ்சாலையில் எழுபதில் போனால், மூன்றே கியர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் போடுகிற கூச்சலில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது கேட்காது. ஐந்தாவது கியர் இருந்தால் அதே வேகத்தில் எஞ்சின் அரைத்தூக்கத்தில் ஓடும். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னான். ஒருவன் இரண்டு தடவை சொன்னால் வேறு என்னவோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஒஹையோவின் அந்த மூலையில் கியர்பாக்ஸ் என்றால் டெல்மர். முப்பத்தொரு வருடம் பட்டறை வைத்திருந்தான். அதை மூடி நாலு வருடம் ஆன பிறகும் வீட்டுக் கராஜில் காரைத் தூக்கும் ஒரு லிஃப்டை வைத்துக்கொண்டு வேண்டியவர்களுக்கு மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டியவர்களில் முதல் ஆள் நார்ப். அந்த மஸ்டாங் அறுபத்தெட்டாம் வருட மாடல், வெளிர் மஞ்சள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒருவருடைய களஞ்சியத்தில், கோழி எச்சத்துக்கு அடியிலிருந்து நார்ப் அதை மீட்டு வந்தான். ஓட வைத்தது டெல்மரின் கை. அன்றிலிருந்து அந்த பானெட்டுக்குள் கை விட்டவன் அவன் ஒருவன்தான். ஆட்டோமேட்டிக்கை மூன்று முறை பிரித்துக் கட்டியிருக்கிறான். எஞ்சினை ஒரு முறை, கடைசி போல்ட் வரை. நார்ப்புக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் போடுவதும் கண்ணாடி துடைப்பதும்தான். இதை டெல்மரே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். நார்ப் முதலில் கேட்டது இவனிடம்தான். ஒரு முறையல்ல, மூன்று கோடைக்காலம் கேட்டான். மூன்று முறையும் டெல்மர் நாலு பேர் முன்னால் வைத்து அவனை வாரினான். உன் இடது கால் போல்கா ஆட்டத்துக்கே உதவாது, கிளட்ச் மிதிக்கப் போகிறதா என்றான். என் பிணத்தைத் தாண்டித்தான் அந்த ஆட்டோமேட்டிக்கைக் கீழே இறக்க முடியும் என்றான். இப்போது பிணத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதுவும் போயும் போயும் ரோண்டாவிடம். தொழிற்பள்ளியில் பதினைந்து வருடம் பாடம் எடுத்துவிட்டு, ஊருக்கு மேற்கே ஒரு பழைய தானியக் கொட்டகையை வாங்கிப் பட்டறையாக்கியவள். வயது ஐம்பத்திரண்டு. அளந்து பேசுவாள், அதைவிட அதிகமாக எல்லாவற்றையும் அளந்து பார்ப்பாள். வந்து இரண்டே வருடத்தில், ரோண்டா அளந்து பார்த்துவிட்டாளென்றால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆட்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் டெல்மருக்குப் பற்றிக்கொண்டு வரும். இவன் அளக்காமலா முப்பத்தொரு வருடம் தொழில் செய்தான்? இவன் அளந்ததை யாரும் ஊர் முழுக்கப் பேசவில்லை, அவ்வளவுதான்.

மதியச் சாப்பாட்டில் லோயிஸ் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவள். அவளுக்குத் தெரியாத முகம் அவனிடம் இல்லை.

"நான் எவன்கூடவாவது ஓடிப்போயிருந்தாக்கூட இந்த மூஞ்சி வந்திருக்காது," என்றாள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே."

"சொல்லலை. அரை மணி நேரமா ஒரே பீன்ஸைக் குத்திக்கிட்டு இருக்க."

மறுநாள் ரோண்டாவின் பட்டறைக்குப் போவதற்கு டெல்மருக்கு ஒரு காரணமும் இல்லை. அந்தப் பக்கம் விதைக் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். ஆகஸ்டு மாதக் கடைசியில் என்ன விதை என்று லோயிஸ் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

மஸ்டாங் லிஃப்டில் உயரத்தில் நின்றது, வயிறு திறந்து. அவன் மூன்று முறை கட்டிய ஆட்டோமேட்டிக் கழற்றப்பட்டு ஒரு மூலையில் எண்ணெய் வடியக் கிடந்தது. அடியில் நின்று நார்ப் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தான், கல்யாண வீட்டில் முதல் வரிசையில் இடம் கிடைத்தவன் மாதிரி அப்படி ஒரு பூரிப்பு. இருபத்திரண்டு வருடத்தில் டெல்மருக்கு ஒரு நாள் விளக்குப் பிடித்திருப்பானா? பிடிக்க விட்டோமா என்ற கேள்வி டெல்மருக்கு வரவில்லை. பொறாமைக்காரனுக்கு அந்த மாதிரிக் கேள்விகள் வருவதில்லை.

ரோண்டாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தரையில் இரண்டு வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் போடுவாள். இடது விரிப்பில் காரிலிருந்து கழற்றியவை, கழற்றிய வரிசையில். வலது விரிப்பில் புதிதாக மாட்ட வேண்டியவை. ஒவ்வொரு பழைய பொருளுக்கும் நேர் எதிரே அதன் இடத்துக்கு வரப்போகும் புதியது. ஜோடி ஜோடியாகப் பார்த்து முடிக்காமல் ஒரு நட்டுகூட மேலே ஏறாது. டெல்மர் அந்த விரிப்புகளைப் பார்த்தான். என்னவோ பொம்மைக் கல்யாணம் நடத்துகிறாள் என்று மனதுக்குள் கேலி செய்தான். அப்புறம் ஒரு ஜோடியில் அவன் கண் நின்றது.

இடது பக்கத்தில், எஞ்சினின் முதுகிலிருந்து கழற்றிய மெல்லிய பல் தகடு. போல்ட் துளைகளைச் சுற்றி மஞ்சள் பெயிண்டில் புள்ளிகள். ஒரு போல்டை முறுக்கி முடித்ததும் புள்ளி வைப்பது டெல்மரின் பழக்கம். வலது பக்கத்தில் அதற்குப் பதிலாக வரும் கனத்த ஃப்ளைவீல், புத்தம் புதியது. அட்டைப் பெட்டியின் மேல் இருபத்தெட்டு அவுன்ஸ் என்று அச்சிட்டிருந்தது.

இந்த அவுன்ஸ் கணக்கு பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் அந்த வகை எஞ்சினில் தானாகச் சமன்பட்டு நிற்காது. ஒரு பக்கமாக இழுக்கும். அதைச் சரிக்கட்ட முன்னால் ஒரு சக்கரத்திலும் பின்னால் தகட்டிலோ ஃப்ளைவீலிலோ ஓர் ஓரத்தில் மட்டும் கனம் ஏற்றி வைத்திருப்பார்கள். அறுபத்தெட்டாம் வருட எஞ்சினுக்கு இருபத்தெட்டு அவுன்ஸ். எண்பதுகளில் கிராங்கை மாற்றினார்கள், அதற்கு ஐம்பது. மாற்றிப் போட்டால் எஞ்சின் நடுங்கும். நடுக்கத்தோடு வேகமாக ஓட்டினால் பேரிங்குகள் தேயும், கிராங்க் உடையும். நானூறு மைல் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நார்ப்பின் கார் அறுபத்தெட்டு. எஞ்சினில் பொறித்த எண்ணும் காரின் எண்ணும் ஒன்று. நார்ப்புக்கு அதில் அப்படி ஒரு பெருமை. ஐஸ்கிரீம் கடை மைதானத்தில் பழைய கார்க்காரர்கள் கூடும் வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் கார் முன்னால் ஓர் அட்டை வைப்பான், 'எல்லாம் பிறந்தபடியே' என்று. ஆகவே ரோண்டா இருபத்தெட்டு வாங்கினாள். யாராக இருந்தாலும் அதைத்தான் வாங்குவார்கள்.

ஆனால் உள்ளே இருந்தது அறுபத்தெட்டாம் வருடக் கிராங்க் அல்ல. பதினாலு வருடத்துக்கு முன் எஞ்சினைப் பிரித்தபோது பழைய கிராங்கில் விரிசல் இருந்தது. அதை நார்ப்பிடம் சொன்னால் அவன் முகம் விழுந்துவிடும். டெல்மர் உடைசல் வண்டிகள் கிடக்கும் இடத்தில் தேடி, எண்பத்திரண்டாம் வருட எஞ்சின் ஒன்றின் கிராங்கை எடுத்து வந்து போட்டான். முன் சக்கரத்தையும் பின் தகட்டையும் அதற்கேற்ப ஐம்பதாக மாற்றினான். கிராங்கை மெருகேற்றினேன் என்று மட்டும் சொன்னான். பதினாலு வருடம் எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் டெல்மர்.

சொல்லிவிட வாயைத் திறந்தான். அவனுக்காக இதையும் சொல்ல வேண்டும், உண்மையாகவே திறந்தான். அந்த நேரம் பார்த்து நார்ப் காருக்கு அடியிலிருந்து கூப்பிட்டான்.

"டெல், இங்க வந்து பாரேன். மயிரிழையில பத்துல ஒரு பங்கு கோணல் இருக்கான்னு பாக்கறாங்க. இப்படி யாரும் பாத்து நான் பாத்ததே இல்லடா."

டெல்மரின் வாய் மூடிக்கொண்டது. யாரும் பார்த்து நீ பார்த்ததில்லையா, சரி, பார். ரோண்டா முதுகைக் காட்டியபடி டயல் கேஜின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெல்மர் பூட்ஸ் நுனியால் அந்தப் பல் தகட்டை மெல்ல நெம்பினான். அளவைப் பார்த்தாலே ஐம்பது என்று காட்டிக்கொடுக்கும் கனக்கட்டி மேலே தெரியும்படி கிடந்த தகடு, கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

காரில் ஏறி, விதைக் கடையைத் தாண்டி நேரே வீட்டுப் பக்கம் விட்டான். ஊர் எல்லை வருவதற்குள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. வேலை முடிகிற வெள்ளிக்கிழமை மாலை ஐஸ்கிரீம் கடை மைதானத்துக்குக் கார் வரும். அத்தனை பேர் முன்னால் எஞ்சின் உதறும். ரோண்டா முகம் வெளுக்கும். நார்ப் கூட்டத்தில் தேடி இவனிடம் ஓடி வருவான். ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இந்தக் காரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சாவகாசமாகச் சொல்லலாம். சனிக்கிழமைப் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. முதல் மைலிலேயே தெரிந்துவிடுமே.

இப்படி நினைத்துத்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். புதன்கிழமை மறுபடி விதைக் கடைக்குப் போனான். தகடு நிமிர்ந்து கிடந்தது, கனக்கட்டி வானத்தைப் பார்த்தபடி. எதிரே அதே பெட்டி, அதே இருபத்தெட்டு. யாராவது நகர்த்தியிருப்பார்கள். ரோண்டா கிளட்ச் பெடலைப் பொருத்திக்கொண்டு காருக்குள் தலைகீழாகக் கிடந்தாள், கால்கள் மட்டும் வெளியே. டெல்மர் தகட்டைக் கவிழ்த்தான். முதல் முறை தன்னையறியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் முறைக்கு அப்படி எதுவும் சொல்ல வழியில்லை.

வியாழக்கிழமை பங்கு மன்றத்தில் யூக்கர் சீட்டாட்டம். எதிர் நாற்காலியில் உட்கார வேண்டிய ஜோடி நார்ப் வரவில்லை. பட்டறையில் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். டெல்மர் காது மந்தமான ஒரு விவசாயியோடு ஜோடி சேர்ந்து எல்லா ஆட்டத்திலும் தோற்றான். சனிக்கிழமை நார்ப் இவன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மூன்று சோளக்கதிரைத் தின்று முடிப்பதற்குள் ரோண்டா பெயரை ஒன்பது தடவை சொன்னான், டெல்மர் எண்ணினான். பேத்தியைப் பின் சீட்டில் எந்தப் பக்கம் உட்கார வைப்பது, ஜன்னல் பக்கம் வெயில் அடிக்குமா என்று லோயிஸிடம் யோசனை கேட்டான். அப்போது டெல்மர் எழுந்து போய் வெண்ணெய் எடுத்து வந்தான். மேசையில் ஏற்கெனவே வெண்ணெய் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது முறை போனான். தகடு மறுபடி நிமிர்ந்து கிடந்தது. ஒரு கணம் அவனுக்கு ஏதோ உறுத்தியது. ஆனால் பெட்டியில் இருபத்தெட்டுதான் இருந்தது, ரோண்டா நிமிர்ந்து பார்த்து வணக்கம் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ஜோடி ஜோடியாகப் பார்க்கிறாளாம் ஜோடி. கண்ணுக்கு முன்னால் கிடப்பது தெரியவில்லை, இவளைத்தான் ஊர் கொண்டாடுகிறது. அந்த எரிச்சலில் உறுத்தல் காணாமல் போயிற்று. அவள் திரும்பியதும் தகட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே டெல்மர் மடக்கு நாற்காலியோடு மைதானத்தில் ஆஜர். கூட்டத்தில் வேலை முடிந்து முதல் முறையாக வரும் காருக்கு ஒரு சடங்கு உண்டு. எல்லாரும் சுற்றி நிற்க, பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, அதன் தலைமேல் ஓர் ஐந்து சென்ட் நாணயத்தை விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும். நாணயம் நின்றால் வேலை சுத்தம். விழுந்தால் அந்த வருடம் முழுக்க அதைச் சொல்லியே கொல்வார்கள். ஃப்ளைவீல் மாட்டியது செவ்வாய்க்கிழமை, எஞ்சின் முதலில் உயிர் பெற்றது இன்று மதியம் என்று நார்ப் போனில் சொல்லியிருந்தான். ஓடும்போது எப்படி இருக்கிறது என்று டெல்மர் கேட்கவில்லை. கேட்டால் நேரில் பார்க்கிற சுகம் போய்விடும்.

மஞ்சள் மஸ்டாங் வளைவில் திரும்பியது. நார்ப் ஒரு முறை கிளட்சைப் பட்டென்று விட்டதில் கார் தவளை மாதிரி ஒரு தாவு தாவியது, கூட்டம் சிரித்தது. ரோண்டா அவள் வேனில் பின்னாலேயே வந்து ஓரமாக நிறுத்தினாள். நார்ப் பானெட்டைத் தூக்கினான். டெல்மர் நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் வந்து நின்றான். கொண்டாட்டத்துக்கு நிற்பவன்போலத்தான் பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நார்ப் பையிலிருந்து நாணயத்தை எடுத்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அதை நிறுத்தினான். கையை எடுத்தான். நாணயம் நின்றது. பத்து எண்ணுகிற வரை, இருபது எண்ணுகிற வரை நின்றது. ரோண்டாவைக் கூப்பிட்டு எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கச் சொன்னார்கள். முடுக்கினாள். நாணயம் கொஞ்சம் நகர்ந்து, திரும்பி, மறுபடி நின்றது. கூட்டம் கை தட்டியது. டெல்மரும் தட்டினான். இவன் கட்டிய நாளில்கூட அந்த எஞ்சின் இத்தனை அமைதியாக ஓடியதில்லை.

கூட்டம் கலைந்து கார்களை மேய ஆரம்பித்ததும் ரோண்டா பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் மஸ்டாங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விழும்னு நெனச்சீங்க," என்றாள்.

"எது?"

"தகட்டைக் கழட்டினதுமே தெரிஞ்சிடுச்சு. நீங்க அன்னைக்கு வர்றதுக்கு முன்னாடியே. கனக்கட்டியைப் பார்த்தா ஐம்பது, போல்ட்ல எல்லாம் உங்க மஞ்சப் புள்ளி. அன்னைக்கே ஐம்பதுக்குச் சொல்லிட்டேன். புதன்கிழமை காலையில வந்துடுச்சு."

"அப்ப அந்தப் பெட்டி..."

"திருப்பி அனுப்ப வேண்டியது. நீங்க பார்த்தா சொல்லுவீங்க, நார்ப்கிட்ட அது உங்க வாயாலயே வரட்டும்னு விட்டு வச்சேன். மூணு தடவை நிமிர்த்தி வச்சேன். மூணு தடவையும் கவுத்துட்டுப் போனீங்க."

டெல்மர் கூட்டத்தில் நார்ப் எங்கே நிற்கிறான் என்று தேடினான். நார்ப்புக்குத் தெரியுமா என்று எப்படியோ கேட்டான்.

"நான் சொல்லலை. அது உங்க ரெண்டு பேர் சமாச்சாரம். என் வேலை கார் மட்டும்தான்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். ஊரைக் கூட்டியிருந்தால்கூட சண்டை போட்டுத் தப்பித்திருப்பான். அவள் குரலில் கோபமே இல்லை, தப்பான அளவு காட்டிய கருவியை ஓரமாக எடுத்து வைக்கிற குரல். டெல்மருக்கு அவமானத்தில் காது மடல் வரை சூடேறியது. அந்த நேரத்திலும் அவள் கண்டுபிடித்துவிட்டாளே என்ற காந்தல் ஒரு பக்கம் இருந்தது.

நார்ப் காரிலிருந்து கை காட்டினான். "ஏறுடா. அஞ்சாவதுல போய்ப் பாக்கலாம்."

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. நார்ப் ஒன்று, இரண்டு என்று வாயால் சொல்லிச் சொல்லி மாற்றினான். ஐந்தாவது விழுந்ததும் எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கியது. அறுபத்தைந்து மைல் வேகத்தில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. நார்ப் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அவனுக்கு அறுபத்து நாலு வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"உன் ஆட்டோமேட்டிக்கை விக்கலடா," என்றான். "ஒருத்தன் வந்து கேட்டான். துடைச்சு, துணி சுத்தி கராஜ்ல வச்சிருக்கேன். மூணு தடவை நீ உக்காந்து கட்டினது. எவன்கிட்டயோ தூக்கிக் குடுக்க மனசு வரல."

டெல்மருக்கு அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சோளத்தைப் பார்த்தபடி கிராங்க் கதையைச் சொன்னான்: பழைய கிராங்கில் விரிசல் இருந்தது, தான் இருபத்தெட்டுக்குப் பதில் ஐம்பது அவுன்ஸ் கேட்கும் வேறொன்றைப் போட்டது, மெருகேற்றினேன் என்று சொன்னது பொய். நார்ப் ஒரு தடவை திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தான். பதினாலு வருடமாக அட்டை எழுதி வைத்துக்கொண்டு, பிறந்தபடியே பிறந்தபடியே என்று ஒவ்வொருத்தனிடமும் பீற்றியிருக்கிறேனே, கழுதைப்பயலே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அட்டைச் செலவாவது மிஞ்சியிருக்குமே என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் டெல்மர் தப்பித்திருக்கலாம். ஆனால் நார்ப், டெல்மர் ஊருக்குச் சொல்லிவைத்த அளவுக்கு ஒன்றும் தெரியாதவன் அல்ல. பதினோரு நாள் விளக்குப் பிடித்தவன், விரிப்பில் ஜோடி ஜோடியாக எல்லாவற்றையும் பார்த்தவன். சிரிப்பு மெல்ல நின்றது. காரை ஓரம் கட்டினான்.

"இருபத்தெட்டுன்னு ஒரு பெட்டி கிடந்துச்சே. அது நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"என்னைக்கு?"

"மொத நாளே. போன வாரம் திங்கட்கிழமை."

நார்ப் ஸ்டீயரிங்கின் மேல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். டெல்மர் மிச்சத்தையும் சொன்னான். தகட்டைக் கவிழ்த்தது, ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. ரோண்டா கண்டுபிடித்து வேறு வாங்கிப் போட்டிருப்பது தனக்கே அரை மணி நேரத்துக்கு முன்தான் தெரியும் என்றான். முதல் மைலிலேயே உதறும், நீ என்னிடம் வருவாய், உடனே சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன் என்றான். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவனுக்கே தெரிந்தது.

"போன சனிக்கிழமை உன் வீட்டுல உக்காந்து குழந்தை எந்தப் பக்கம் உக்காரும்னு பேசிக்கிட்டிருந்தேன்," என்றான் நார்ப். "அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"நான் உன்கிட்ட வராம இருந்திருந்தா? புது கியர்பாக்ஸ்னா இப்படித்தான் கொஞ்சம் ஆடும்போலன்னு நெனச்சுக்கிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பியிருந்தா? எனக்கு எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றவன் நீதானடா."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஓடுகிறதா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதியாக. நார்ப் காரைத் திருப்பினான். கியர் மாற்றும்போது இப்போது எண்ணிக்கை சொல்லவில்லை, ஒரு தடவைகூடத் தடுமாறவும் இல்லை.

டெல்மரின் வீட்டு வாசலில் கார் நின்றது. டெல்மர் இறங்கிக் கதவைச் சாத்தினான். ஜன்னலில் குனிந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தான், நார்ப் முந்திக்கொண்டான்.

"கிராங்க் போகட்டும். அது எனக்காகச் சொன்ன பொய். வியாழக்கிழமை சீட்டாட வந்துடு, ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் நான் வேற ஜோடி தேட முடியாது. ஆனா இனிமே இந்தக் காரைத் தொடாத, டெல். பானெட்டைத் தொறக்கக்கூட வேணாம்."

அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கிளட்சை மிதித்தான்.

லோயிஸ் வாசலுக்கு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டது காதில் விழுந்தது. டெல்மர் திரும்பவில்லை. கார் தெருமுனையில் மேற்கே திரும்பியது, ரோண்டாவின் பட்டறை இருக்கும் பக்கம். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எஞ்சின் இறங்கி ஏறுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். எங்காவது ஓர் இரைச்சல், ஒரு நடுக்கம், பல்லோடு பல் உரசுகிற ஒரு கிரீச்சாவது கேட்டுவிடாதா என்று அத்தனைக்கும் பிறகும் மனது தேடியது. ஐந்தாவது விழுந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை.